1993 செப்டம்பர் 1-க்கு முன்னால் பிறந்தவரா நீங்கள்?

டெக்சஸ் மாநிலத்தில் படகு ஓட்ட யார் பாடம் படிக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை ஒரு தேதி தீர்மானிக்கிறது. 1993 செப்டம்பர் 1. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர், 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகை ஓட்டுவதென்றால், மாநில அரசு ஒப்புக்கொண்ட பாதுகாப்பு வகுப்பை முடித்து அதற்கான அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் பிறந்தவருக்கு ஒன்றும் வேண்டாம். கையில் பணமும் இழுத்துப்போக ஒரு வண்டியும் இருந்தால் போதும். 250 குதிரைத்திறன் படகைக் காலையில் வாங்கி மாலையில் ஏரியில் இறக்கலாம். பிரேக் எங்கே என்று தேடலாம். படகில் பிரேக் கிடையாது.

பழைய ஆட்களை ஏன் விட்டுவிட்டார்கள் என்று யோசித்தால் எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். டெக்சஸ்காரர்கள் சின்ன வயதிலேயே அப்பாவோடும் தாத்தாவோடும் ஏரிக்குப் போனவர்கள். நாற்பது வயதில் அவர்களை வகுப்பில் உட்காரச் சொன்னால் சட்டமன்ற உறுப்பினரின் தொலைபேசி ஓயாது. சரி, அவர்கள் அப்பாவிடம் கற்றுக்கொண்டார்கள். நம் அப்பா தஞ்சாவூரில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். நமக்கு யார் கற்றுக்கொடுத்தது?

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக் கடன் பாதி அடைந்து, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படகு வாங்கும் ஆசை வருகிறது. வாங்குபவருக்கு வயது நாற்பது, நாற்பத்தைந்து. சட்டம் கேள்வி கேட்காத வயது. ஆனால் படகு ஓட்டுவதில் அவர் எல்.கே.ஜி.

நான் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கோடை வார இறுதிகளில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் துணை அமைப்பான கோஸ்ட் கார்டு ஆக்சிலரியில் தொண்டு வேலை. சம்பளம் கிடையாது, நீல நிறச் சீருடை உண்டு. 1939-ல் தொடங்கிய அமைப்பு. எங்கள் வேலைகளில் ஒன்று, படகை இறக்கும் சாய்தளத்தில் நின்றுகொண்டு, கேட்பவர்களின் படகை இலவசமாகச் சோதித்துக் கொடுப்பது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். குறை இருந்தால் என்ன குறை என்று எழுதிக் கொடுப்போம், அவ்வளவுதான். அபராதம் போட மாட்டோம், போலீசுக்கும் சொல்ல மாட்டோம். ஆகவே பயமில்லாமல் கூப்பிடலாம். நம் ஆட்கள் கூப்பிடுவது குறைவு. பிள்ளையார் கோயிலில் படகுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லதுதான், அதோடு தீயணைப்பானின் தேதியையும் பார்த்துவிடலாம்.

சட்டம் இரண்டு அடுக்கு. 1958-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான் மோட்டார் படகுகளுக்கு எண் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களுக்குத் தந்தது. டெக்சஸ் அடுத்த ஆண்டே தன் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1971-ல் வந்த இன்னொரு மத்திய சட்டம், படகை எப்படிக் கட்ட வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தைக் கடலோரக் காவல்படைக்குக் கொடுத்தது. ஆக, படகின் உடம்பு மத்திய அரசின் பொறுப்பு. அதன் எண், வரி, ஓட்டுபவரின் வயது, ஏரியில் ரோந்து எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. அதனால்தான் பாடம் படிக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 என்பது கோடு. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் 2025 முதல் வயது பார்ப்பதை விட்டுவிட்டன. மோட்டார் படகு ஓட்டுகிறாயா, அட்டையைக் காட்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

டெக்சஸில் பதிவு செய்வது பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை, அதாவது பூங்காவும் வனவிலங்கும் பார்க்கும் துறை. அவர்களுடைய அலுவலகத்துக்கும் போகலாம், இந்த வேலையை எடுத்துச் செய்யும் கவுண்டி வரி அலுவலகத்துக்கும் போகலாம். மோட்டார் இருக்கிற எல்லாப் படகுக்கும் பதிவு கட்டாயம். தூண்டில் போடுபவர்கள் சத்தமில்லாமல் நகர வைத்துக்கொள்ளும் சின்ன பேட்டரி மோட்டாராக இருந்தாலும் சரி, அதுவும் மோட்டார்தான். துடுப்பு மட்டும் போடும் கயாக்கிற்குப் பதிவு வேண்டாம். ஆனால் கயாக்கில் போகிறவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

பழைய படகு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கேட்டி பக்கத்திலிருந்து ஒரு மதுரைத் தம்பி கூப்பிட்டார். 19 அடி ஃபைபர் படகு, பின்னால் 150 குதிரைத்திறன் எஞ்சின், டிரெய்லர் நீங்கலாக 16,000 டாலர் சொல்கிறார்கள், "நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டா தைரியமா முடிச்சிருவேன்ணே" என்றார். போனேன். அவர் இருக்கையின் மெத்தையையும் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படகின் பின்பக்கம் போய், வலது மேல் மூலையைத் துணியால் துடைத்தேன். அங்கேதான் படகின் அடையாள எண் பதிந்திருக்கும். 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒவ்வொரு படகுக்கும் இது உண்டு. 12 எழுத்தும் இலக்கமும். முதல் மூன்று, கட்டிய நிறுவனத்தின் குறி. கடைசி நான்கில் வயது இருக்கிறது. முதலில் கட்டிய மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம். அதற்கடுத்த இரண்டும் மாடல் ஆண்டு. விற்பவர் 2012 மாடல் என்றார். படகு 09 என்றது.

அவர் வேண்டுமென்றே சொன்னாரா, அவருக்கு விற்றவர் அப்படிச் சொன்னாரா, தெரியாது. கேட்டதும் விலையைக் குறைத்தார். அதோடு விடாமல் டைட்டிலைக் கேட்டு வாங்கி எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில், வெளியே மாட்டும் எஞ்சினுக்குத் தனியாக ஒரு டைட்டில். படகின் காகிதம் மட்டும் கையில் இருந்து எஞ்சினின் காகிதம் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போவது சுலபம் என்பதால் திருட்டு எஞ்சின் சந்தையில் சுற்றும். எஞ்சினைப் படகோடு இணைக்கும் தாங்கியில் உள்ள சின்னத் தகட்டில் அதன் எண் இருக்கும். தகட்டைச் சுரண்டியிருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று அர்த்தம். வங்கி கையெழுத்துப் போட்டு விடுவிக்கும் வரை அந்தப் படகு விற்பவருடையது அல்ல.

விற்பனை வரி 6.25 சதவீதம். தனியாரிடம் வாங்கினாலும் உண்டு. காலக்கெடு தாண்டினால் அபராதமும் சேரும். 16 அடி முதல் 26 அடிக்குள் உள்ள படகுக்கு இரண்டு ஆண்டுப் பதிவுக் கட்டணம் 53 டாலர். வரியோடு ஒப்பிட்டால் அது சில்லறை. டிரெய்லர் படகுத் துறையில் சேராது, மோட்டார் வாகனப் பதிவில் தனியாகச் செய்ய வேண்டும். காப்பீட்டை இந்த மாநிலம் கட்டாயமாக்கவில்லை. படகைக் கட்டிவைக்க இடம் தரும் மரீனாக்களும் கடன் தரும் வங்கிகளும் கேட்கும். யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள் என்பேன். நம் அலை அடித்துப் பக்கத்துப் படகு உடைந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான்.

இது வெறும் பேச்சில்லை. 2020 செப்டம்பர் 5 அன்று ஆஸ்டின் அருகே டிராவிஸ் ஏரியில் அரசியல் ஆதரவு ஊர்வலம் ஒன்று நடந்தது. நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கமாகப் போயின. அன்று புயல் இல்லை, மழை இல்லை. அந்தப் படகுகளே கிளப்பிய அலைகள் ஒன்றோடொன்று மோதி எழும்பிச் சில படகுகளை மூழ்கடித்தன. நல்ல வேளை, உயிர் போகவில்லை.

பதிவு எண்ணைப் படகின் முன்பாதியில் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். குறைந்தது 3 அங்குல உயரம், சாதாரண நேர் எழுத்து, படகின் நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறம். வளைந்து நெளிந்த அலங்கார எழுத்து கூடாது. எண்ணையொட்டிப் பின்பக்கமாகச் செல்லுபடி ஸ்டிக்கர். பதிவுச் சான்றிதழ் படகிலேயே இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்து பயனில்லை. இவ்வளவுதான் காகித வேலை. நம் ஆட்கள் இதைக் குறைவில்லாமல் செய்துவிடுவார்கள். விசா, கிரீன் கார்டு என்று காகிதத்திலேயே ஊறி வந்தவர்கள் நாம். கோட்டை விடுவது வேறு இடத்தில்.

மதுரைத் தம்பி படகை வாங்கிவிட்டார். முதல் தடவை இறக்கும் நாளில் ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோ ஏரிக்கு என்னையும் வரச் சொன்னார். ஊரிலிருந்து அவருடைய அப்பா அம்மா வந்திருந்தார்கள். மனைவி, மச்சினன், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஐஸ் பெட்டியில் எலுமிச்சை சாதமும் குளிர்பானமும்.

"லைஃப் ஜாக்கெட் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே, ஆறு. எல்லாம் புதுசு. கவரக்கூடப் பிரிக்கல."

பெருமையாகத்தான் சொன்னார். முன்பக்க இருக்கையைத் தூக்கி, நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும் நகர்த்தி, அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையோடு ஆறு ஜாக்கெட், எல்லாம் பெரியவர்கள் அளவு. சட்டத்தின் கண்ணில் அந்த நிமிடம் படகில் ஒரு ஜாக்கெட்கூட இல்லை. ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், ஆளின் அளவுக்குப் பொருந்த வேண்டும். உறைக்குள் பூட்டி நங்கூரத்துக்கு அடியில் கிடப்பது கைக்கு எட்டுவது ஆகாது. பெரியவர்கள் ஐந்து பேருக்கு ஆறு ஜாக்கெட்டில் ஒன்று மிச்சம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. 26 அடிக்குக் குறைந்த படகில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது, 13 வயது நிரம்பாத பிள்ளைகள் ஜாக்கெட்டைப் போட்டே இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம்.

மச்சினனைக் கடைக்கு அனுப்பினோம். பிள்ளைகளின் ஜாக்கெட்டை வயது பார்த்து வாங்கக் கூடாது, எடை பார்த்து வாங்க வேண்டும். 30 பவுண்டுக்குக் கீழ் கைக்குழந்தை அளவு, 30 முதல் 50 வரை குழந்தை அளவு, 50 முதல் 90 வரை சிறுவர் அளவு. போட்டுவிட்டு எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் மேலே வந்து பிள்ளையின் மோவாயும் காதும் உள்ளே போனால் அது பெரிது. தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். வளர்ந்த பிறகும் போடலாமே என்று ஒரு அளவு கூட்டி வாங்கும் நம் தீபாவளிச் சட்டைப் பழக்கத்தை இங்கே காட்டக் கூடாது.

அம்மாவுக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும். சேலை கட்டியிருந்தார். "எனக்கு எதுக்கு தம்பி இது? நான் நடுவுல பேசாம உக்காந்துக்கிறேன்" என்றார். சட்டப்படி அவர் போட வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் அந்தப் படகில் நீச்சல் தெரியாதவர் அவர்தான். எழுந்து நிற்கும் நேரத்தில் ஓர் அலை பட்டால் விழுவார். ஆறு கெஜம் நனைந்து காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரே திணறுவார். "அம்மா, விழுந்தப்புறம் தண்ணிக்குள்ள இத மாட்ட முடியாதும்மா" என்றேன். மகனைப் பார்த்தார். பேத்தி ஓடி வந்து பாட்டிக்குக் கொக்கி மாட்டிவிட்டாள்.

இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. மனித உடம்பு தண்ணீரில் கிட்டத்தட்ட மிதக்கவே செய்யும். தலையை வெளியே நிறுத்த 7 முதல் 12 பவுண்டு தூக்கு விசை கூடுதலாக இருந்தால் போதும். ஏரியில் பலரும் போடும் சாதாரண நுரை ஜாக்கெட் குறைந்தது 15.5 பவுண்டு தருகிறது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் உயிர். கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த இறப்புகளில் 75 சதவீதம் மூழ்கியது. மூழ்கியவர்களில், ஜாக்கெட் பற்றிய தகவல் கிடைத்தவரை, 87 சதவீதம் பேர் அதைப் போடவில்லை. இன்னோர் எண்ணும் அதே அறிக்கையில் உண்டு. ஓட்டியவர் படித்தாரா இல்லையா என்று தெரிந்த விபத்துகளில், நூற்றுக்கு 75 இறப்பு பாதுகாப்பு வகுப்பு படிக்காதவர் ஓட்டிய படகில் நடந்தது. 1993-க்கு முன் பிறந்தவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கலாம்.

16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில், விழுந்தவரை நோக்கி எறிய ஒரு மிதவையும் வேண்டும். சதுர மெத்தை மாதிரி இரண்டு பிடியோடு விற்கும். அதன் மேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதால் எப்போதும் கைக்கு அருகில் இருக்கும். தீயணைப்பான் அந்தப் படகில் இருந்தது. சிவப்பாக, தூசி படியாமல், முள்ளும் பச்சையில் நின்றது. கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தால் ஆண்டு 09 என்று பதித்திருந்தது. மறுபடி நிரப்ப முடியாத தீயணைப்பானுக்கு, தயாரித்த நாளிலிருந்து 12 ஆண்டுதான் ஆயுள் என்று 2022 ஏப்ரல் 20 முதல் மத்திய விதி. முள் எங்கே நின்றாலும் அது செத்த உருப்படி. விசில் அல்லது ஹாரன், இரவில் போவதானால் இடது பக்கம் சிவப்பும் வலது பக்கம் பச்சையும் பின்னால் வெள்ளையுமாக விளக்குகள். கால்வெஸ்டன் வளைகுடாப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆபத்துக் குறி காட்டும் ஒளிப்பொறியும் உண்டு. இதெல்லாம் கடையில் பட்டியலாகவே கிடைக்கும். விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சுக்கான் அருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் தகட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 20 அடிக்குக் குறைந்த படகுகளில் அதைத் தயாரிப்பாளரே ஒட்டித் தர வேண்டும். தம்பியின் படகில் 7 பேர் அல்லது 1,000 பவுண்டு என்று இருந்தது. 'அல்லது' என்றால் இரண்டில் எது முதலில் நிரம்புகிறதோ அது. ஏழு பேருக்கு மேல் ஒருவரும் கூடாது, ஏழு பேருக்குள்ளேயே எடை தாண்டினாலும் கூடாது. மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று குழந்தையைக் கணக்கில் விட முடியாது, குழந்தையும் ஓர் ஆள்தான். அன்று அவர்கள் குடும்பம் சரியாக ஏழு பேர். எட்டாவதாக என்னையும் ஏறச் சொன்னார்கள். கரையிலேயே நின்றுகொண்டேன். ஒருவர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று அப்பா கேட்டார். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளிதான் அதன் உயிர். பக்கத்தில் ஒரு பெரிய படகு விர்ரென்று போகும்போது எல்லோரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் சாய்வார்கள். அப்போது அந்தக் கூடுதல் ஆளின் எடை என்ன என்று தெரியும்.

எஞ்சின் சாவிக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஒரு நுனி எஞ்சினை அணைக்கும் சுவிட்சில். இன்னொரு நுனி ஓட்டுபவரின் ஜாக்கெட்டில் மாட்ட. அவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். மாட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது பயங்கரம். கைவிட்ட சுக்கான் ஒரு பக்கம் தானாக இழுக்கும். படகு நேராக ஓடிப்போகாது, வட்டமடிக்கும். வட்டத்துக்குள் விழுந்தவர் இருக்கிறார். சுழலும் புரொப்பெல்லரோடு அது அவரை நோக்கியே திரும்பி வரும். 2012-ல் டெக்சஸ் கடற்கரையோரம் ஒரு பதின்வயதுப் பெண் இப்படித் தூக்கியெறியப்பட்டு இறந்தாள். அவளுடைய குடும்பம் பல ஆண்டு போராடி, அவள் பெயரிலேயே 2019 செப்டம்பர் 1 முதல் மாநிலச் சட்டம் வந்தது. 26 அடிக்குக் குறைந்த, அந்தச் சுவிட்ச் உள்ள படகு மெது வேகத்துக்கு மேல் போனால் கயிற்றை மாட்டியே ஆக வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கவே இந்த விதி. மாட்ட இரண்டு நொடி ஆகும். ஸ்டைலாக இல்லை என்று மாட்டாதவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

மது விஷயத்தில் டெக்சஸ் ஒரு விசித்திரம் செய்து வைத்திருக்கிறது. காரில் பீர் பாட்டில் திறந்திருந்தாலே குற்றம். படகில் குற்றமில்லை. பயணிகள் குடிக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஓட்டுபவரும் குடிக்கலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடாது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 என்றால் காரைப் போலவேதான். முதல் முறைக்கே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். கார் ஓட்டும் உரிமமும் பறிபோகலாம். வேலை விசாவில் இருப்பவருக்குக் கைது என்ற ஒரு வரி எத்தனை இடத்தில் பதில் சொல்ல வைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் அலையின் ஆட்டமும் சேர்ந்தால் கரையில் இரண்டு பீர் செய்யும் வேலையை ஏரியில் ஒன்றே செய்துவிடும்.

ஏரியில் ரோந்து வருபவர்கள் கேம் வார்டன்கள். பெயரைப் பார்த்து, மானையும் மீனையும் மட்டும் பார்த்துக்கொள்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முழு அதிகாரம் உள்ள காவல் அதிகாரிகள். தப்பு செய்ததாகச் சந்தேகம் இல்லாவிட்டாலும் படகை நிறுத்திப் பாதுகாப்புச் சாமான்களைச் சோதிக்கச் சட்டம் அவர்களை அனுமதிக்கிறது. கையைக் காட்டினால் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நியூட்ரலில் போட்டு நிற்க வேண்டும். "ஹலோ ஆபீசர்" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. ஜாக்கெட் இல்லாதது போன்ற சிறு குற்றங்களுக்கு 25 முதல் 500 டாலர் வரை அபராதம்.

வெளியே வரும்போதும் ஒரு சட்டம் காத்திருக்கிறது. 2009-ல் டெக்சோமா ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற வெளிநாட்டுச் சிப்பி நுழைந்தது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் படகின் அடியில் தங்கிய தண்ணீரில் ஏறி ஏரி ஏரியாகப் பரவின. குடிநீர்க் குழாய்களை அடைத்தன. அதனால் 2014 ஜூலை முதல் டெக்சஸ் முழுக்க ஒரே விதி: பொது நீர்நிலையை விட்டுக் கிளம்பும்போது படகில் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிட வேண்டும். அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றினால் வடிந்துவிடும். அடுத்த முறை இறக்கும்போது அதை மாட்ட மறந்துவிடாதீர்கள். சாய்தளத்திலேயே படகு மெல்லக் கீழே போவதைப் பார்ப்பது மற்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

2023 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்து மன்றோ ஏரியில் நண்பர்களோடு தட்டைப் படகில் போன இந்திய மாணவர்கள் இருவர் நடு ஏரியில் நீந்த இறங்கினார்கள். மேலே வரவில்லை. மூன்று நாள் தேடி உடலை எடுத்தார்கள். ஏப்ரல் மாதத்தில் வெயில் அடித்தாலும் அங்கே தண்ணீர் குளிராகத்தான் இருக்கும். உடம்பு திடீரென்று அதில் விழுந்தால் மூச்சு வாங்கும், கை கால் சொன்னபடி கேட்காது. வகுப்பில் இதையும் சொல்லித் தருகிறார்கள்.

அந்த வகுப்பைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மாநிலத் துறையின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற பாடங்களின் பட்டியல் இருக்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் முடித்துவிடலாம். எதிரே வரும் படகுக்கு எந்தப் பக்கம் விலகுவது, சிவப்பு மிதவைக்கும் பச்சை மிதவைக்கும் நடுவே எப்படிப் போவது, கவிழ்ந்துவிட்டால் நீந்திக் கரைக்குப் போக முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டே ஏன் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு அது சட்டப்படியே தேவை. நீங்கள் 1993-க்கு முன்னால் பிறந்தவர் என்றால் உங்களிடம் அட்டையை எந்த வார்டனும் கேட்க மாட்டார். இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை எடுத்தால் டெக்சஸ் அட்டைக்குக் காலாவதி கிடையாது.